பனிக்குளிரில் டிரோன் களைப்பது ஏன்?

மார்கழி விடியற்காலை. வீராம்பட்டினம் கடற்கரையில் படகுகள் கரையேறிக்கொண்டிருக்கின்றன. காற்று சில்லென்று வீசுகிறது. ஆனால் வெப்பமானியைப் பார்த்தால் 22 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். நமக்குக் குளிராகத் தோன்றும் இந்த நிலை ஒரு டிரோனுக்கு மிகவும் வசதியானது.

அதே டிரோனைச் சனவரி மாதத்தில் உதகமண்டலத்துக்கு எடுத்துச் சென்றதாக வைத்துக்கொள்வோம். புல்வெளியில் உறைபனி, வெப்பநிலை ஏறத்தாழ 0 டிகிரி. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த மின்கல அடுக்கைப் பொருத்தி, டிரோனை ஒரேயடியாக மேலே ஏற்றுகிறீர்கள். மின்கலத்தில் பாதி மின்னாற்றல் மீதம் இருப்பதாகக் கருவி காட்டுகிறது. திடீரென்று எச்சரிக்கை ஒலி! டிரோன் தானாகவே இறங்கத் தொடங்குகிறது. கீழே ஏரி இருந்தால் பொருள் நட்டம். மனிதர்கள் நின்றால்? எனவே இதன் காரணத்தை அறிந்துகொள்வது அவசியம்.

"குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கதாயிற்றே! விசிறிகளுக்கு நல்ல பிடிப்புக் கிடைக்க வேண்டுமல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். அழுத்தம் மாறாதபோது வாயுவின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் அமையும். 22 டிகிரி என்பது 295 கெல்வின். 0 டிகிரி என்பது 273 கெல்வின். 295ஐ 273ஆல் வகுத்தால் 1.08. அதாவது குளிரினால் அடர்த்தி 8 சதவீதம் கூடுகிறது.

ஆனால் உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்ட அழுத்தத்தில் ஏறத்தாழ 76 சதவீதமே. 0.76ஐ 1.08ஆல் பெருக்கினால் 0.82. குளிர் கொடுத்ததைவிட உயரம் எடுத்துக்கொண்டது அதிகம்! அந்தரத்தில் நிற்பதற்கே டிரோனுக்குச் சுமார் 10 சதவீதம் கூடுதல் திறன் தேவைப்படுகிறது. அதைத் தர வேண்டிய மின்கலமோ குளிரில் விறைத்துக் கிடக்கிறது.

மார்கழியில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் கெட்டியாகிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். லித்தியம் மின்கலத்தினுள் இருக்கும் மின்பகுளித் திரவம் 0 டிகிரியில் உறைந்துவிடாது. ஆனால் அதன் பாகுத்தன்மை கூடுகிறது. லித்தியம் அயனிகள் அதனூடே மெதுவாகவே நகர முடிகிறது. மின்முனைகளில் நிகழும் வேதிவினையும் மந்தமாகிறது. இதன் விளைவாக மின்கலத்தின் அகத்தடை உயர்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? மூன்று மின்கலங்கள் தொடராக இணைந்த அடுக்கு ஒன்று பாதி தீர்ந்த நிலையில் 11.4 வோல்ட் மின்னியக்கு விசை கொண்டது என்க. மோட்டார்கள் 10 ஆம்பியர் இழுக்கின்றன. கடற்கரையில் அகத்தடை 0.06 ஓம் என்றால், இழப்பு 0.6 வோல்ட், மோட்டார்களுக்குக் கிடைப்பது 10.8 வோல்ட். குளிரில் அகத்தடை மும்மடங்காகி 0.18 ஓம் ஆனால், இழப்பு 1.8 வோல்ட், கிடைப்பது 9.6 வோல்ட் மட்டுமே. மின்கலம் ஒன்றுக்கு 3.2 வோல்ட்! 'மின்கலம் தீர்ந்தது' என்று முடிவு செய்து டிரோன் இறங்கிவிடுகிறது. உண்மையில் மின்னாற்றல் தீர்ந்துவிடவில்லை. அதை வேண்டிய வேகத்தில் வெளியே எடுக்க முடியவில்லை, அவ்வளவே.

பரிகாரமும் இக்கணக்கிலேயே இருக்கிறது. மின்னோட்டத்தின் வர்க்கத்தை அகத்தடையால் பெருக்கினால் 18 வாட். இது மின்கலத்தினுள்ளேயே வெப்பமாகிறது. ஆகவே மின்கலத்தைச் சட்டைப்பையில் கதகதப்பாக வைத்திருந்து, பொருத்தியபின் தரைக்கருகே ஓரிரு நிமிடம் நிறுத்திப் பறக்கவிட்டால், அது தன்னைத்தானே சூடேற்றிக்கொள்ளும். பிறகு உயரே செலுத்தலாம்.

ஓர் எச்சரிக்கை. குளிர்ந்த மின்கலத்தை உடனே மின்னேற்றம் செய்யாதீர்கள். 0 டிகிரிக்குக் கீழே, லித்தியம் எதிர்முனையின் உள்ளே புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியக்கூடும். அது நிரந்தரச் சேதம். உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தீவிபத்தும் நேரலாம். அறை வெப்பநிலைக்கு வந்தபின்பே மின்னேற்ற வேண்டும்.

இந்தச் சிக்கலைச் செவ்வாய்க் கோளிலேயே சந்தித்தவர்கள் உண்டு. நாசாவின் 'இன்ஜெனுவிட்டி' என்னும் சிறு ஹெலிகாப்டர் 2021 ஏப்ரல் 19 அன்று அங்கே முதன்முறையாகப் பறந்தது. அங்கு இரவில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 90 டிகிரி வரை இறங்கும். சூரியத் தகடு சேமித்துத் தந்த ஆற்றலில் பெரும்பகுதி, பறப்பதற்கல்ல, இரவில் மின்கலங்களையும் கருவிகளையும் சூடாக வைப்பதற்கே செலவாயிற்று! 2024 சனவரி வரை அது 72 முறை பறந்தது. அதன் தலைமைப் பொறியாளராக விளங்கிய பாப் பாலராம், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். லித்தியம் மின்கலம் வேண்டாம். சாதாரண டார்ச் பசை மின்கலங்கள் போதும். ஒரே வகையான புதிய மின்கலங்களில் ஒரு சோடியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, மீன் பெட்டியில் இடும் ஐஸுடன் உப்புக் கலந்து அதனுள் இரண்டு மணி நேரம் வையுங்கள். மற்ற சோடி வெளியிலேயே இருக்கட்டும். பின்னர் ஈரம் துடைத்து, இழை பல்பு உள்ள டார்ச்சில் மாறிமாறிப் பொருத்துங்கள். பல்பு எரியும்போது வோல்ட்மீட்டரால் அளந்து, இரு அளவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த சோடியை ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து மீண்டும் அளந்து பாருங்கள். அகத்தடை என்ற சொல் பாடநூலிலிருந்து இறங்கி உங்கள் கைக்கே வந்துவிடும்.