நிலாவாரை

நெல்லைச் சீமையின் பெயரைத் தாங்கி உலகத்து மருந்துக் கடைகளில் உலவிவரும் செடி ஒன்று உண்டு. அதுவே நிலாவாரை. நிலவாகை என்றும் அதனைக் கூறுவர். மேலைநாட்டு வணிகர் 'தின்னவேலி சென்னா' என்று அழைப்பர். அராபிய நாட்டிலிருந்து வந்த இச்செடி, திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் வானம் பார்த்த நிலங்களில் வேரூன்றி, செருமனி, அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதியாகும் பொருளாக வளர்ந்துவிட்டது. பூக்கள் மஞ்சள் நிறத்தன, காய்கள் தட்டையானவை, சிற்றிலைகள் வேல்போற் கூரிய நுனியுடையனவாய் இணை இணையாக அமைந்திருக்கும். உழவர் இலையைக் கையாற் பறித்து நிழலில் உலர்த்துவர். கடும் வெயிலில் இட்டால் அதன் பசுமை கெடும். நம் வேலியோரத்து ஆவாரை இதற்கு நெருங்கிய உறவு. அவ்வாவாரை இலையை நிலாவாரையோடு கலந்து விற்பாரும் உளர். ஆதலின் அறிந்த கடையில் வாங்குதலே தக்கது.

நிலாவாரை மலச்சிக்கலை நீக்கும் பேதி மருந்து. அதன் ஆற்றல் சென்னோசைடு என்னும் பொருள்களில் உள்ளது. அது வேலை செய்யும் முறை வியப்பிற்குரியது. உண்ட இலைச்சாறு இரைப்பையிலும் சிறுகுடலிலும் ஏதும் செய்யாமல் கடந்து செல்கின்றது. பெருங்குடலை அடைந்த பின்னரே அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து, செயல்புரியும் பொருளாக மாற்றுகின்றன. அப்பொருள் குடற்சுவரைத் தூண்டுகின்றது. மலத்திலுள்ள நீரைக் குடல் உறிஞ்சாதவாறு தடுக்கின்றது. இவ்வளவும் நிகழ எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இரவில் படுக்கைக்குச் செல்லும்போது உண்டால் காலையில் பயன் தெரிவது இதனாலேயே.

இக்கால அளவை அறியாதார் இடர்ப்படுவர். உண்டு இரண்டு மணி நேரம் ஆகியும் வயிறு அசையவில்லையே என்று மறுபடியும் ஒரு பங்கு உண்பர். விடியற்காலையில் இரண்டு பங்கும் சேர்ந்து வேலை செய்யும். வயிற்றைப் பிசையும் வலியும், நிற்காத கழிச்சலும், நாவறட்சியும், தளர்ச்சியும் வந்து சேரும். வளர்ந்தவர்க்கு உலர்ந்த இலைப்பொடி ஒரு கிராம் முதல் இரண்டு கிராம் வரை ஒரு நாளைக்குப் போதும். அதிலும் குறைந்த அளவில் தொடங்குதலே நன்று. கைப்பிடி அளவு, சிட்டிகை அளவு என்று கண்மதிப்பால் அளத்தல் கூடாது. அளவு குறிக்கப்பெற்ற மாத்திரை இவ்வகையில் இலையினும் நம்பத்தக்கது. சிறுவர்க்கும் கருவுற்ற மகளிர்க்கும் மருத்துவர் சொன்னாலன்றிக் கொடுத்தல் ஆகாது.

அசீரணத்திற்கும் மலச்சிக்கலுக்கும் வேறுபாடு உண்டு. உண்டது செரியாமல் வயிறு மந்தித்திருப்பவன் பேதி மருந்தை நாடுதல் பொருந்தாது. ஒரு வேளை உணவை விட்டு, சுக்கு இட்ட வெந்நீரோ ஓம நீரோ பருகினால் அவனுக்கு அது பெரும்பாலும் போதுமானது. எனினும், வயது முதிர்ந்தவர்க்கு மார்பில் அழுத்தமும் வியர்வையும் தோன்ற, அது தோளுக்கோ தாடைக்கோ பரவுமாயின், அதனை வாயு என்று கருதிச் சுக்கு தேடிக்கொண்டிருத்தல் பேரிடராகும். அது நெஞ்சடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

அவ்வாறே, காரணம் தெரியாத வயிற்றுவலிக்குப் பேதி கொடுக்கும் பழக்கத்தையும் விட்டொழித்தல் வேண்டும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலப்புறத்து அடிவயிற்றில் நிலைகொள்ளும் வலி, குடல்வால் அழற்சியால் வருவதாக இருக்கக்கூடும். அந்நிலையில் பேதி மருந்து குடலை முடுக்கினால், வீங்கிய குடல்வால் உடைந்து உயிருக்கே இறுதி நேரலாம். குடலில் அடைப்பு இருப்பினும் இதே இன்னல்தான். வயிற்றுவலியோடு வாந்தியும் காய்ச்சலும் இருக்கும்போது பேதி மருந்தைத் தொடவே கூடாது.

நாள்தோறும் மலம் கழியாவிடில் அதுவே நோய் என்று அஞ்சுவாரும் உளர். நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்திற்கு மூன்று முறை வரை கழிதல் இயல்பே என்பர் மருத்துவ நூலோர். அதை உணராது நிலாவாரையை நாள்தோறும் உண்டால், உடலிலுள்ள பொட்டாசியம் என்னும் உப்பு மலத்தோடு மிகுதியாக வெளியேறும், தசைகள் தளரும், இதயத் துடிப்பும் தடுமாறும். நெடுநாள் உண்பாரது பெருங்குடலின் உட்சுவர் கருநிறம் அடைதலும் உண்டு. மருந்தை நிறுத்தினால் அது சில திங்களில் மாறும். உடல் மெலிய உதவும் என்று விற்கப்படும் தேயிலைப் பொட்டலங்கள் சிலவற்றில் இவ்விலையே சேர்ந்திருக்கின்றது. அதனைக் குடித்து எடை குறைந்ததாக மகிழ்வோர் இழந்தது நீரையே; கொழுப்பு அவ்வண்ணமே இருக்கும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் 95ஆவது. அங்கே வள்ளுவர் பெரிதும் பேசுவது மூலிகைகளைப் பற்றியன்று. உண்ணும் அளவைப் பற்றியே. கீரையும் காயும் பழமும் போதிய நீரும் உட்கொண்டு, உடலுக்கு உழைப்பும் தருவோர்க்கு மலச்சிக்கல் அரிதாகவே வரும். அவ்வாறு வந்தபோது நிலாவாரையைச் சில நாள் துணைக்கொள்வதில் குற்றமில்லை. ஒரு வாரத்திற்கு மேல் அது வேண்டியிருந்தாலும், மலத்தில் குருதி கண்டாலும், உடல் காரணமின்றி இளைத்தாலும் மருத்துவரை அணுகவேண்டும். அப்போது நிலாவாரை உண்டுவந்ததை மறைக்காமல் சொல்லவேண்டும். அது பச்சிலைதானே என்று பலர் சொல்லாது விடுகின்றனர். இதய நோய்க்கு டிகாக்சின் மாத்திரை உண்பவர்க்கும், நீர் பிரியும் மாத்திரை உண்பவர்க்கும் பொட்டாசியம் குறைதல் பெருந்தீங்கு விளைக்கும் என்பதை அவர் அறிவார்; நோயாளி சொன்னாலன்றி இலையின் செய்தியை அவர் அறியார்.