கடன் இருந்தது... பட்டியலில் பெயர் இருந்ததா? கொரோனா காலம் போடிக்குச் சொன்ன பாடம்!

போடிநாயக்கனூரில் 'காய்' என்று சொன்னால் அது ஏலக்காய்தான். கத்தரிக்காய், வெண்டைக்காய்க்கெல்லாம் முழுப்பெயர் சொல்லியாக வேண்டும். 'இன்னைக்கு காய் என்ன விலை?' என்று கேட்காமல் இங்கே பொழுது விடிவதில்லை.

ஒரு கிலோ காய் மலையிலிருந்து இறங்கி, போடியில் ஏலம் போய், வெளியூருக்கு லாரி ஏறுவதற்குள் எத்தனை பேருக்குச் சோறு போடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். விடியுமுன் தூக்குவாளியோடு மலைக்குக் கிளம்பும் பெண்கள். அவர்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். அவர்களுக்காகவே இருட்டில் அடுப்புப் பற்றவைக்கும் டீக்கடைக்காரர். இட்லிப் பாத்திரத்தோடு ஓரமாக உட்காரும் அம்மா. கடைகளில் காயைத் தரம் பிரிக்கும் பெண்கள். மூட்டை தூக்குபவர், சாக்கு தைப்பவர், சாயங்காலம் புரோட்டா போடுபவர். ஏலக்காய் வியாபாரி பெரிய ஆளாக இருக்கலாம். ஆனால், அவரைச் சுற்றி ஓடும் வியாபாரம் முழுக்க முழுக்கச் சின்ன வியாபாரம்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் ஊரடங்கு அமலானது. மறுநாள் நாடே முடங்கியது. அந்தச் சின்ன வியாபாரங்களும் ஒரே நாளில் நின்றன. அதற்குப் பிறகு அரசு என்ன கொடுத்தது, நகராட்சி என்ன செய்ய முடிந்தது, யார் கைக்கு எது வந்து சேர்ந்தது? இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால், அடுத்த முறைக்கான பாடம் அதில் இருக்கிறது.

மலைக்கும் ஊருக்கும் நடுவே ஒரு தடுப்பு

மற்ற ஊர்களைவிட போடிக்கு அடி கொஞ்சம் பலம். காரணம், இந்த ஊரின் பிழைப்பு இரண்டு மாநிலங்களில் இருக்கிறது. வீடு தமிழ்நாட்டில். தோட்டம் கேரளத்தில். முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை என்று இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்கள் விரிகின்றன. தினமும் காலையில் ஏறி மாலையில் இறங்குவதுதான் தேனி மாவட்டத் தொழிலாளர்களின் வழக்கம்.

எல்லை மூடப்பட்டதும் அந்த ஏற்ற இறக்கம் நின்றது. பிறகு இ-பாஸ் வந்தது. ஒரு மாநிலத்தின் அனுமதியை வாங்கினால் மட்டும் போதாது, அடுத்த மாநிலத்தின் இணையதளத்திலும் பதிய வேண்டும். நல்ல செல்போன் இல்லாத கூலித் தொழிலாளிக்கு அது மலையைவிடப் பெரிய மலை.

ஏலமும் நின்றது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும், இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் மின்னணு ஏலம் நடப்பது வழக்கம். வியாபாரிகள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து, மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்த்து விலை சொல்லும் முறை அது. தொற்றுக்காலத்தில் இதைவிட ஆபத்தான ஏற்பாடு உண்டா? சுமார் 2 மாதம் கழித்து, மே மாதக் கடைசியில்தான் புற்றடியில் ஏலம் மறுபடி தொடங்கியது. அப்போதும் போடி வியாபாரிகளுக்கு எல்லையைத் தாண்டிப் போய் வருவதே பெரும்பாடு.

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையைப் பார்த்துச் செலவு செய்தவர்கள், கடன் வாங்கியவர்கள் பலர். கொரோனாவுக்குப் பின் விலை இறங்கிக்கொண்டே வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சராசரி விலை 1,000 ரூபாய்க்குக் கீழேயும் போனது. தோட்டத்தில் கூலி குறைந்தால், டீக்கடையில் வடை விற்காது. அவ்வளவுதான் இந்த ஊரின் பொருளாதாரம்.

அறிவிப்புகள் வந்தன... கேள்விகளும் வந்தன

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 2020 மார்ச் 24 அன்றே தமிழக அரசு 3,280 கோடி ரூபாய் நிவாரணத்தை அறிவித்தது. அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், ரேஷன் பொருள்களும் கிடைத்தன. பதிவு பெற்ற நடைபாதை வியாபாரிகளுக்குக் கூடுதலாக 1,000 ரூபாய் என்றும் அறிவிக்கப்பட்டது. 2021-ல் இரண்டாம் அலையின்போது அரிசி அட்டைக்கு 2 தவணையாக 4,000 ரூபாய் வந்தது.

மத்திய அரசின் பக்கம், ரிசர்வ் வங்கி கடன் தவணையைத் தள்ளிவைக்க 2020 ஆகஸ்ட் வரை அனுமதித்தது. சிறு தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது. ஏற்கெனவே நிலுவையில் இருக்கும் கடனில் 20 சதவிகிதம் வரை, சொத்து அடமானம் இல்லாமல் கூடுதல் கடன் பெறலாம் என்றார்கள்.

இந்த அறிவிப்புகளை ஒரு தள்ளுவண்டிக்காரரின் இடத்தில் நின்று படித்துப் பாருங்கள். 'பதிவு பெற்ற வியாபாரி' என்கிறது ஒன்று. அவரிடம் பதிவு இல்லை. 'வங்கிக் கடன் தவணை தள்ளிவைப்பு' என்கிறது இன்னொன்று. அவர் கடன் வாங்கியது தினத் தண்டல்காரரிடம். 'நிலுவையில் 20 சதவிகிதம்' என்கிறது மூன்றாவது. பூஜ்யத்தில் 20 சதவிகிதம் எவ்வளவு?

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் சிறு நிறுவனங்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஒரு கடன் திட்டத்தை 2020 ஏப்ரல் 3 அன்று தொடங்கினார்கள். முதல் சுற்றுப் பணம் 2 வாரத்துக்குள் தீர்ந்துவிட்டது. வங்கியோடு ஏற்கெனவே நெருங்கிய பழக்கம் உள்ளவர்கள் முதலில் போய் நின்றார்கள். தெருமுனைக் கடைக்காரர் வரிசையின் கடைசியில் நின்றார். பணக்கார நாட்டிலும் கதை அதேதான்.

நகராட்சியின் ஒரு கடிதம்

2020 ஜூன் 1 அன்று தொடங்கிய 'பி.எம். ஸ்வநிதி' திட்டம்தான் முதன்முதலாகத் தெருவோர வியாபாரியை நேராகப் பார்த்துப் பேசியது. 10,000 ரூபாய் கடன், 1 வருடத் தவணை, அடமானம் வேண்டாம், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவிகித வட்டி மானியம். முதல் கடனை முடித்தால் அடுத்து 20,000, அதற்கடுத்து 50,000.

பணம் கொடுப்பது வங்கி. ஆனால் 'இவர் எங்கள் ஊரில் வியாபாரம் செய்கிறார்' என்று சொல்ல வேண்டியது நகராட்சி. அடையாள அட்டையோ, விற்பனைச் சான்றிதழோ இருந்தால் அதைக் காட்டலாம். இல்லாதவர்களுக்கு நகராட்சி பரிந்துரைக் கடிதம் கொடுக்கலாம். 10,000 ரூபாய்க்குச் சாவி அந்த ஒரு தாளில் இருந்தது.

இந்தத் தாள் 2020-ல் புதிதாக முளைத்ததில்லை. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுக்க வேண்டும். சான்றிதழ் கொடுக்க வேண்டும். நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவிகிதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் 3-ல் ஒரு பங்கு பெண்கள். இதை ஒழுங்காகச் செய்து முடித்திருந்த ஊரில், ஊரடங்கு வந்த அன்றே பட்டியல் மேஜையில் இருந்திருக்கும். செய்யாத ஊரில் நோயும் கணக்கெடுப்பும் ஒன்றாக நடந்தன.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. கொரோனாவின் முதல் அலை, இரண்டாம் அலை இரண்டிலும் போடி உட்பட எந்த நகராட்சியிலும் வார்டு கவுன்சிலர் கிடையாது. தனி அலுவலர் நிர்வாகம்தான். அலுவலர்களும் தூய்மைப் பணியாளர்களும் ராப்பகலாக உழைத்தார்கள். அதை மறுக்க முடியாது. ஆனாலும், 'எங்க தெருவுல பணியாரம் சுட்டு விக்கிற அக்கா பேரு விட்டுப்போச்சு' என்று போய்ச் சொல்ல, பக்கத்துத் தெருவில் ஒரு கவுன்சிலர் வீடு இல்லாமல் போனது. சாதாரண நாளில் இது சின்னக் குறை. பட்டியல் போடும் நாளில் பெரிய குறை.

இடம் கொடுப்பதும் உதவிதான்

நகராட்சி என்றால் கஜானாவில் பணம் கொட்டிக் கிடப்பதில்லை. சொத்து வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகைதான் அதன் வருமானம். கடைகள் மூடினால் அந்த வரவும் குறையும். அப்படியானால் அது என்ன கொடுக்க முடியும்? இடம் கொடுக்கலாம், அனுமதி கொடுக்கலாம், அவகாசம் கொடுக்கலாம்.

கோயம்பேடு சந்தை தொற்று மையமானபோது 2020 மே மாதம் அதை மூடி, திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். பல ஊர்களில் பஸ் ஓடாத பஸ் ஸ்டாண்டே காய்கறிச் சந்தையானது. 2021 மே மாதத் தளர்வற்ற ஊரடங்கில், உள்ளாட்சிகளும் தோட்டக்கலைத் துறையும் அனுமதித்த வண்டிகள் தெருத் தெருவாகக் காய்கறி கொண்டுபோயின. இடைவெளி விட்டு நிற்கக் கோடு போட்ட மைதானமும், வண்டியில் ஒட்டிய அனுமதிச் சீட்டும்தான் அன்றைக்குப் பலரின் அடுப்பை எரியவைத்தன.

ஏலக்காய் வியாபாரத்திலும் இதே போன்ற ஒரு மாற்றம் நடந்தது. 2021 தொடக்கத்தில், போடியிலும் புற்றடியிலும் உட்கார்ந்தபடியே வியாபாரிகள் ஒரே ஏலத்தில் கலந்துகொள்ளும் இணையவழி வசதியை வாரியம் கொண்டுவந்தது. எல்லை தாண்டாமல் ஏலம் கேட்கலாம். நெருக்கடி கற்றுக்கொடுத்த நல்ல பாடம் அது.

பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள்

ஸ்வநிதி, நகரத்தில் விற்பவர்களுக்கான திட்டமாகத்தான் தொடங்கியது. சுற்று வட்டாரக் கிராமத்திலிருந்து போடிக்கு வந்து விற்பவருக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் முந்தலிலோ குரங்கணியிலோ மலையடிவாரத்தில் டீக்கடை போட்டிருப்பவர் நகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கிறார். காய் தரம் பிரிக்கும் பெண் வியாபாரி அல்ல, நிரந்தரத் தொழிலாளியும் அல்ல. ஜீப் டிரைவருக்கு வண்டிக்கடன் உண்டு. தவணையைத் தள்ளிவைக்கலாம், ஆனால் வட்டி தள்ளி நிற்காது.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம், 2020 மார்ச்சில் அறிவித்த 20,000 கோடி ரூபாய் திட்டத்தில், குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் வழியாக 2,000 கோடி ரூபாய் கடன் என்று சொன்னது. அங்கே வீடு வீடாகப் பெண்களை அறிந்த ஓர் அமைப்பு முன்பே இருந்தது. தமிழ்நாட்டிலும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. குழுவில் இருந்த பெண்ணுக்கு ஒரு கதவாவது திறந்தது. குழுவில் இல்லாத பெண் கந்துவட்டிக் கதவைத் தட்டினாள்.

கம்பம் பள்ளத்தாக்குக்கு நோயும் வியாபாரமும் மோதிக்கொள்வது புதிதில்லை. சுமார் 90 ஆண்டுகளுக்கு முன் இங்கே பிளேக் ஓயாமல் தலைகாட்டியது. அதை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 1934-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியானது. அதனால், இனி வராது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. நோய் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. அன்றைக்குப் பட்டியல் தயாராக இருக்குமா என்பது நம் கையில் இருக்கிறது.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியவை

* தெருவோரம் விற்பவரா? நகராட்சி அலுவலகத்தில் உங்கள் பெயர் கணக்கெடுப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

* ஸ்வநிதி முடிந்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் அதை 2030 மார்ச் 31 வரை நீட்டித்து, முதல் கடனை 15,000 ஆகவும், இரண்டாவதை 25,000 ஆகவும் உயர்த்தியிருக்கிறார்கள். மூன்றாவது பழையபடி 50,000. நகரை ஒட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக விரிவுபடுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நகராட்சி எல்லையை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

* சிறிய கடையோ, வீட்டுத் தொழிலோ நடத்துபவர்கள் 'உத்யம்' பதிவு செய்துகொள்ளலாம். அரசு இணையதளத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம்.

* தினமும் வரும் பணத்தில் ஒரு பகுதியாவது வங்கிக் கணக்கு வழியாக வரட்டும். நாளைக்குக் கடன் கேட்கும்போது, உங்கள் வியாபாரத்துக்கு அதுவே சாட்சி.

* இப்போது கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். 'நகர விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது?' என்று உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள். கேட்பதற்குச் சட்டம் உங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது.

போடிக்கு இன்று ரயிலும் திரும்ப வந்துவிட்டது. 2010-ல் நின்ற ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் மறுபடி ஊருக்குள் நுழைந்தது. விடியற்காலை ஜீப்புகள் மலையேறுகின்றன. டீக்கடை அடுப்புகள் எரிகின்றன. ஊர் நன்றாக ஓடுகிற இந்த நேரத்தில்தான் பெயர்களை எழுதிவைக்க வேண்டும்.