பென்ட்ரைவுக்குள் ஒரு படம் எப்படிப் போகிறது?

எங்கள் நிலையத்துக்கு ஓர் அக்கா வந்திருந்தார். கையில் ஒரேயொரு புகைப்படம். இடப்பெயர்வின்போது நனைந்து ஓரம் கரைந்துபோன, அவருடைய மகனின் படம். விண்ணப்பம் ஒன்றுடன் அதைப் பெரிதாக அச்சிட்டு இணைக்க வேண்டியிருந்தது. படத்தை ஸ்கேன் செய்து பென்ட்ரைவில் ஏற்றினேன். கொப்பி முடிந்துவிட்டதாகத் திரை காட்டியது. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்ற அவசரத்தில் உடனே இழுத்தெடுத்துக் கொடுத்துவிட்டேன்.

மாலையில் அக்கா திரும்பி வந்தார். "தங்கச்சி, கடையில போட்டுப் பார்த்தாங்கள். அதுக்குள்ள பிள்ளை இல்லையாம்" என்றார்.

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. சமூகவியல் படித்த எனக்குக் கணனியின் உள்விடயம் தெரியாது. தவறு எங்கே நடந்தது என்று தேடிப் படித்தேன். அதையே இங்கு உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

நான்கு கம்பிகள்

பென்ட்ரைவ், மவுஸ், பிரின்டர் எல்லாவற்றையும் கணனியுடன் இணைக்கும் பொது முறைக்கு யூ.எஸ்.பி. என்று பெயர். முன்பு ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வாய் இருந்தது. 1996 இல் யூ.எஸ்.பி. வந்து அந்தச் சிரமத்தைக் குறைத்தது. இதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் இந்தியாவில் பிறந்து இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய அஜய் பட்.

2000 ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0 முறையில் நான்கு கம்பிகளே உள்ளன. சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரத்துக்கு. வெள்ளையும் பச்சையும் தகவலுக்கு.

கூப்பிட்டால்தான் பேச்சு

ஆஸ்பத்திரி கிளினிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். நம்பர் கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். யூ.எஸ்.பி.யிலும் அப்படித்தான். கணனி கூப்பிடும்வரை பென்ட்ரைவ் தகவல் அனுப்பாது. புதிதாகச் செருகிய கருவிக்கு முதலில் 0 என்ற இலக்கம். கணனி அதை விசாரித்து 1 முதல் 127 வரையான ஓர் இலக்கத்தைக் கொடுக்கும். அதன்பின் அந்த இலக்கத்தைச் சொல்லியே கூப்பிடும்.

மூன்று பொதிகள்

படம் முழுதாக ஒரே தடவையில் போவதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே போகிறது. யூ.எஸ்.பி. 2.0 இன் அதிவேக முறையில் பென்ட்ரைவுக்குப் போகும் ஒரு பொதியில் 512 பைட் வரை இருக்கலாம். 2 மெகாபைட் படம் என்றால் ஏறத்தாழ 4,000 பொதிகள்.

ஒவ்வொரு தடவையும் மூன்று படிகள் நடக்கின்றன. முதலில் அழைப்புப் பொதி: "இந்த இலக்கக் கருவியே, உனக்குத் தகவல் வருகிறது." அடுத்து தகவல் பொதி: படத்தின் ஒரு துண்டு. கடைசியில் பென்ட்ரைவின் பதில் பொதி. அது பெரும்பாலும் "கிடைத்தது", "இப்போது முடியாது, பொறு", "என்னால் இயலாது" என்பவற்றில் ஒன்றாக இருக்கும்.

பழுதானால் என்ன?

நிவாரணப் பொதி வாங்கியவர்களுக்குத் தெரியும். உள்ளே என்ன, எத்தனை என்று துண்டு இருக்கும். நாம் எண்ணிச் சரிபார்ப்போம். தகவல் பொதியின் இறுதியிலும் அப்படியொரு சரிபார்ப்பு எண் உண்டு. உள்ளிருக்கும் தகவலைக் கொண்டு கணக்கிட்ட எண் அது. பெறும் பக்கம் தானும் கணக்கிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் பொதியைத் தள்ளிவிட்டு மௌனமாக இருக்கும். கணனி அந்த மௌனத்தை அப்படியே விட்டுவிடாது. குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் திரும்ப அனுப்பும்.

சிலவேளை பொதி சேர்ந்திருக்கும், "கிடைத்தது" என்ற பதில்தான் வழியில் தொலைந்திருக்கும். அப்போது அதே பொதி இரண்டாம் முறை வரும். குழப்பம் வராமல் இருக்கப் பொதிகளுக்கு 0, 1 என்று மாறி மாறி அடையாளம் இடப்படுகிறது. அடுத்தடுத்து ஒரே அடையாளம் வந்தால், பழையதே மறுபடியும் வந்திருக்கிறது என்று பென்ட்ரைவ் அறிந்துகொள்ளும்.

2008 இல் வந்த யூ.எஸ்.பி. 3.0 இல் கம்பிகளும் வேகமும் கூடின. ஆனாலும் பொதியாக அனுப்பிச் சரிபார்ப்பது மாறவில்லை.

பிழை என்னுடையது

இவ்வளவு கவனமாகப் போகும் படம் ஏன் திறக்கவில்லை? போன பொதிகள் சரியாகவே போயின. ஆனால் எல்லாப் பொதிகளும் போகவில்லை. வேலை விரைவாக நடக்க, கணனி சிலவேளை தகவலைத் தன் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கொப்பி முடிந்ததாகக் காட்டிவிடும். மீதியைப் பின்னர் அனுப்பும். நான் இழுத்தெடுத்தது அதற்கு முன்னர்.

அக்கா மறுமுறை வந்தபோது, பென்ட்ரைவைக் கழற்றிவிட்டுத் திரும்பச் செருகி, அதிலிருந்தே படத்தைத் திறந்து காட்டினேன். பிள்ளையின் முகத்தைப் பார்த்த பின்புதான் அவர் எழுந்தார்.

சகோதரிகளே, இவற்றை மனதில் வைத்திருங்கள்:

• திரையில் 'பாதுகாப்பாக அகற்று' என்பதை அழுத்தி, அனுமதி வந்த பின்பே பென்ட்ரைவை எடுங்கள். விளக்கு மின்னும்போது எடுக்க வேண்டாம்.

• கடையை விட்டு வெளியேறுமுன், பென்ட்ரைவிலிருந்தே திறந்து காட்டும்படி கேளுங்கள். அது உங்கள் உரிமை, கூச்சம் வேண்டாம்.

• அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், படங்கள் ஆகியவற்றை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். கடைக் கணனியில் உள்ள பிரதியை அழிக்கச் சொல்லுங்கள்.

• பிரதி இருக்கிறதே என்று மூலப் படத்தையோ பத்திரத்தையோ ஒருபோதும் கைவிடாதீர்கள்.