‘தமிழ்’ மூன்றெழுத்தா, ஐந்தெழுத்தா? கோடுக்கு லேபிள் ஒட்டும் ‘டைப் அனோட்டேஷன்’!

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட ‘மூணு’ என்று சொல்லிவிடும். ஆனால், பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியிடம் கேட்டால் ‘5’ என்று பதில் வரும். ‘காஞ்சிபுரம்’ நமக்கு ஆறெழுத்து, பைத்தானுக்கு 11!

காரணம் எளிது. யூனிகோடு முறையில் ‘மி’ என்பது ஒரே எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. ‘ம’ தனி, இகரக் குறி தனி. ‘ழ்’ என்றால் ‘ழ’ தனி, மேலே வைக்கும் புள்ளி தனி. கம்ப்யூட்டர் இந்தத் துண்டுகளைத்தான் எண்ணுகிறது. குறுக்கெழுத்துப் போட்டி ஆப் ஒன்றை இப்படி எண்ணிச் செய்தால், புள்ளிக்கும் ஒரு கட்டம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் ‘ஓப்பன்-தமிழ்’. ‘எழில்’ என்ற தமிழ் புரோகிராமிங் மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் பைத்தானுக்காகச் செய்த லைப்ரரி இது. ஒரு சொல்லைக் கொடுத்தால், நாம் எண்ணுவதுபோலவே எழுத்தெழுத்தாகப் பிரித்துக் கொடுத்துவிடும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம்.

முகம் தெரியாதவருக்கு ஒரு லேபிள்

லைப்ரரி என்பது வேறொருவர் முன்கூட்டியே எழுதிவைத்த கோடு. காஞ்சிபுரத்தில் சேலை நெய்பவர் ஜரிகையைத் தானே செய்வதில்லை, வாங்கித்தான் நெய்கிறார். அதில் வெள்ளி எவ்வளவு என்று தெரியாமல் வாங்கினால், சேலை விற்றபிறகுதான் பிரச்னை தெரியும். சேலையில் தொங்கும் ‘சில்க் மார்க்’ லேபிள், முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு ‘இது அசல் பட்டு’ என்று சொல்கிறது.

அதேபோல, ‘என்னிடம் எதைக் கொடுக்கலாம், நான் எதைத் திருப்பித் தருவேன்’ என்று கோடின் மேலேயே எழுதிவைக்கும் குறிப்புதான் ‘டைப் அனோட்டேஷன்’. உள்ளே வருவது எண்ணா, வார்த்தையா, பட்டியலா? வெளியே போவது எது? இவ்வளவுதான் அதில் இருக்கும்.

120 கோடி ரூபாய் பில்!

லேபிள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒரு பட்டுக் கடையின் பில்லிங் புரோகிராமைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சேலை விலை 12,000 ரூபாய். ஆனால், அது எண்ணாக இல்லாமல் வார்த்தையாகப் பதிவாகிவிட்டது. இரண்டு சேலைக்கு விலையை 2-ஆல் பெருக்கச் சொன்னால் பைத்தான் 24,000 என்று சொல்லாது. வார்த்தையை இரண்டு முறை எழுதி ‘1200012000’ என்று நீட்டும். அதாவது, 120 கோடியே 12 ஆயிரம்! எந்த எச்சரிக்கையும் வராது.

‘விலை என்பது எண்’ என்று லேபிள் ஒட்டியிருந்தால், ‘மைபை’ போன்ற சோதனைக் கருவி, புரோகிராமை ஓட்டும் முன்பே ‘இங்கே வார்த்தை வருகிறதே’ என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒன்று... லேபிள் மட்டும் எதையும் தடுக்காது. ஓடும்போது பைத்தான் அதைக் கண்டுகொள்ளாது. சோதனைக் கருவியை நாம்தான் ஓட்ட வேண்டும்.

எப்போது வந்தது?

மைபையை ஆரம்பித்தவர் யூக்கா லேஹ்டோசலோ. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது தொடங்கினார். பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமும் இதில் ஆர்வம் காட்ட, 2015-ல் வெளிவந்த பைத்தான் 3.5-ல் இந்த லேபிள் முறை அதிகாரபூர்வமாக இடம்பெற்றது. 2019-ல் டிராப்பாக்ஸ் நிறுவனம், தங்கள் பைத்தான் கோடில் 40 லட்சம் வரிகளை இப்படிச் சோதனைக்குக் கொண்டுவந்ததாக அறிவித்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு இதே வேலையைச் செய்ய, 2012-லேயே மைக்ரோசாஃப்ட் ‘டைப்ஸ்கிரிப்ட்’டைக் கொண்டுவந்திருந்தது.

எல்லோருக்கும் பிடிக்குமா?

இல்லை. கட்டற்ற லைப்ரரிகளில் பலவற்றைப் பராமரிப்பவர்கள், வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் உழைக்கும் ஒன்றிரண்டு பேர்தான். பழைய கோடு முழுக்க லேபிள் ஒட்டுவது அவர்களுக்குப் பெரிய சுமை. தவறான லேபிள் ஒட்டிவிட்டால், லேபிளே இல்லாததைவிட மோசம். 2023-ல் ‘டர்போ’ என்ற பிரபல லைப்ரரி, டைப்ஸ்கிரிப்ட்டே வேண்டாம் என்று கழற்றிவிட்டது. பெரிய விவாதமே நடந்தது. எண் கணக்குக்கான ‘நம்பை’ போன்ற லைப்ரரியிலேயே 2021-ல் வந்த 1.20 பதிப்பில்தான் லேபிள்கள் வந்தன.

இன்னொரு குறையும் உண்டு. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு 3 என்பதும் எண்தான், 5 என்பதும் எண்தான். ‘எண் வரும்’ என்ற லேபிள் இரண்டுக்கும் பொருந்தும்; எழுத்தை எண்ணியதா, யூனிகோடு துண்டை எண்ணியதா என்று அது சொல்லாது. பட்டு என்று சொல்லும் லேபிள், சேலையின் நிறம் உங்களுக்குப் பொருந்துமா என்று சொல்லாது அல்லவா? அதனால், லேபிளோடு இரண்டு வரி தெளிவான விளக்கமும் வேண்டும். தமிழ் மென்பொருளுக்கு இது ரொம்பவே முக்கியம்.

காஞ்சியிலிருந்தே தொடங்கலாம்

‘இதெல்லாம் வெளிநாட்டு இன்ஜினீயர்களின் வேலை’ என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே பேசிவருகிறது. ‘கணியம்’ மின்னிதழில் பைத்தான் உட்பட பல பாடங்கள் எளிய தமிழில் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்லூரி மாணவர்கள் ஒரு லைப்ரரிக்குச் செய்யும் முதல் பங்களிப்புக்கு லேபிள் ஒட்டுவது நல்ல வேலை. ஏனென்றால், சரியாக ஒட்ட வேண்டுமானால் கோடை வரி வரியாகப் படித்தே ஆக வேண்டும்!

தொடங்குபவர்கள் கவனிக்க...

* மொத்த லைப்ரரியையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். வெளியாட்கள் அதிகம் பயன்படுத்தும் ஒரு சிறு பகுதி போதும்.

* ‘லேபிள் சேர்க்கலாமா?’ என்று பராமரிப்பவரிடம் முதலில் கேளுங்கள். எல்லோரும் விரும்புவதில்லை.

* மைபையை ஓட்டி, பிழை இல்லை என்று உறுதி செய்தபிறகே அனுப்புங்கள்.

* தமிழ் எழுத்துகளைக் கையாளும் கோடு என்றால், உயிர்மெய்யும் புள்ளியும் உள்ள சொற்களைக் கொடுத்துச் சோதியுங்கள். ‘காஞ்சிபுரம்’ என்றே கொடுத்துப் பாருங்கள். ஆறு வந்தால் சரி!