யார் பொறுப்பு? (6): ஒரு மாதக் கெடு

பிள்ளையைச் சீரழித்த ஆசிரியர் சிறைக்குப் போகும் வழியைச் சென்ற வாரம் பார்த்தோம். அவரை வகுப்பறைக்கு அனுப்பியதும், புகார் வந்த பிறகும் அங்கேயே வைத்திருந்ததும் அரசாக இருந்தால்? அந்த அரசிடம் நட்டஈடு கேட்க முடியுமா?

முடியும். மாத்தறை மாவட்டத்தின் புஹுல்வெல்லையில் ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் செவிப்பறை சேதமடைந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டதாக 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் கொடுக்க வேண்டும் என்றது. அது பாலியல் வழக்கல்ல. ஆனால் அடித்தவரைவிட அரசு அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பதுளைத் தோட்டங்களில் ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டும்.

பசறையிலும் லுணுகலையிலும் ஒருகாலத்தில் துரைமார் கையிலிருந்த தோட்டப் பாடசாலைகளை 1970களிலிருந்து அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. அங்கே நடக்கும் தீங்குக்கு அரசைக் கேட்கலாம். அதே தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் நடந்தால் முதலில் கேட்க வேண்டியது கம்பனியை.

அரசைக் கேட்க இரண்டு வழிகள். ஒன்று, 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. ஒரு மாதம் முன்னதாகச் சட்டமா அதிபருக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டும். கால எல்லை இரண்டு ஆண்டுகள்; பிள்ளைக்கு அது 18 வயதில்தான் தொடங்கும். ஆகவே 20 வயது வரை நேரமுண்டு. ‘இந்தக் குற்றம் அவருடைய கடமையில் சேராது’ என்று அரசு வாதிடலாம். விடுதிக் காப்பாளர் ஒருவர் சிறுவர்களைச் சீரழித்த வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 2001இல் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஒப்படைத்த வேலையோடு குற்றம் நெருங்கிப் பிணைந்திருந்ததால் வேலை கொடுத்தவரே பொறுப்பு என்றது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது; ஆனால் எடுத்துக்காட்டத் தகுந்த தீர்ப்பு.

மற்றது, கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அதற்குத் தரும் காலம் ஒரே மாதம். பிள்ளைக்கென்று தனி விலக்கு அதில் எழுதப்படவில்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. அம்மா குவைத்தில், அப்பா கொழும்பில் கடையில், பிள்ளை பாட்டியோடு லயத்தில். அது வாய் திறக்கவே வருடங்கள் ஆகலாம். திறந்தாலும், ‘பேசி முடிச்சுக்கலாம்’ என்று தலைவர் சொல்லி இழுத்தடிப்பதிலேயே மாதம் போய்விடும். கலிபோர்னியா 2020இல் காலவரம்பைத் தளர்த்தியது. அதன் பிறகுதான் அரச காப்பகங்களில் சீரழிக்கப்பட்டவர்கள் பல தசாப்தங்கள் கழித்து வழக்குப் போட முடிந்தது. 2025இல் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம் 6,800க்கும் மேற்பட்ட கோரிக்கைகளுக்காக 400 கோடி டொலர் கொடுக்க இணங்கியது. நம் நாடாளுமன்றமும் இந்த ஒரு மாதத்தைப் பிள்ளைகளுக்காகத் திருத்தியே ஆக வேண்டும்.

அதுவரை ஒரு வழி இருக்கிறது. சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் நாட்கள் அந்தக் கெடுவில் சேராது. ஆணைக்குழுவுக்குப் பதுளையிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். திகதியிட்ட பதிவு இலக்கத்தைக் கேட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.