முட்டி வெறும் கீல் அல்ல

காலை எட்டரை மணி, தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலம். பீச் வண்டியைப் பிடிக்கும் அவசரத்தில் கல்லூரிப் பையன்கள் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்குகிறார்கள். பக்கத்தில் ஒரு பாட்டி, கைப்பிடியைப் பற்றியபடி, படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்துவைத்து இறங்குகிறார். ஏறும்போது மூச்சுதான் வாங்கியது. இறங்கும்போது முட்டி கெஞ்சுகிறது. ஏன்?

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. மேல்படியில் இருக்கும் கால் மடங்க மடங்க, மொத்த உடலையும் அந்த ஒற்றை முட்டிதான் மெல்லக் கீழே இறக்கிவிடுகிறது. அப்போது முட்டிச் சில்லு தொடை எலும்பில் அழுந்தும் விசை, உடல் எடையைப்போல் சுமார் 3 மடங்கு. 60 கிலோ உடம்புக்கு 180 கிலோ!

சில்லு எதற்கு? கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் திணற வேண்டும். ஓரத்தில் தள்ளினால் லேசாகத் திறக்கும். சில்லு, தசைநாரை மூட்டின் அச்சிலிருந்து சற்று முன்தள்ளி வைக்கிறது. அந்தச் சிறு இடைவெளியால் தசையின் வேலை எளிதாகிறது. இது நெம்புகோல் கணக்கு.

ஆனால், கதவுக் கீலின் அச்சு நகராது. முட்டியின் அச்சு நகரும். தொடை எலும்பின் உருண்டை முனை, கீழெலும்பின்மேல் உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது. ஒரே அச்சில் மடங்கும் செயற்கைக் கால்கள் தடுமாறுவது இதனால்தான். சென்னை ஐஐடி 2022-இல் வெளியிட்ட ‘கதம்’ செயற்கை முட்டி, நான்கு இணைப்புத் தண்டுகளால் இந்த நகரும் அச்சைத் தருகிறது. கால் நேராக ஊன்றும்போது அச்சு பின்னால் ஒதுங்குவதால் முட்டி திடீரென மடங்காது. மடங்கி முன்னே வீசும்போது கால் சற்றே குட்டையாகி, விரல்நுனி தரையில் இடறாது. ‘கதம்’ என்றால் இந்தியில் காலடி.

மறுபடி பாட்டியைப் பாருங்கள். வலிக்கும் காலைத்தான் முதலில் கீழ்ப்படியில் வைக்கிறார். பிரேக் பிடிக்கும் வேலை மேலே நிற்கும் நல்ல காலுக்குப் போகிறது. பிசியோதெரபிஸ்டுகள் சொல்லித்தருவதும் இதையேதான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். வீட்டில் முட்டிவலிக்காரர் இருந்தால் இன்றே சொல்லிவையுங்கள்.