101-க்கு அழைத்தால் யார் தலைமையில் வருவார்கள்? தீயணைப்புத் துறையில் உயரும் வழிகள்

உங்கள் தெருவில் ஒரு வீட்டில் கேஸ் கசிந்து தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 101-க்கு அழைக்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வண்டி வந்து நிற்கிறது. வீரர்கள் குதித்து இறங்கி குழாயை விரிக்கிறார்கள். ஒருவர் மட்டும் குழாயைத் தொடவில்லை. வீட்டை ஒரு சுற்று பார்க்கிறார். "உள்ளே யாராவது இருக்காங்களா? சிலிண்டர் எந்தப் பக்கம்? மெயின் சுவிட்சை அணைச்சாச்சா?" என்று கேட்கிறார். உங்கள் பதிலைக் கேட்டதும் யார் உள்ளே போவது, எந்தப் பக்கமாகப் போவது, பக்கத்து வீட்டை காலி செய்ய வேண்டுமா என்று முடிவெடுக்கிறார்.

அவர்தான் அந்த இடத்தின் தலைவர். பெரும்பாலும் நிலைய அலுவலர். அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார்? அவருக்கு மேலே யார் யார் இருக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொள்வதால் உங்களுக்கு இரண்டு பயன் உண்டு. உங்கள் வீட்டில் சீருடைப் பணிக்குப் போக நினைக்கும் பிள்ளை இருந்தால், எந்த வழியில் போகலாம் என்று தெரியும். கடைக்கோ பள்ளிக்கோ கட்டடத்துக்கோ தீயணைப்புத் துறையின் சான்று தேவைப்பட்டால், யாரைப் பார்க்க வேண்டும் என்றும் தெரியும். வாங்க, கீழிருந்து பார்க்கலாம்.

பதவி ஏணி

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் முதல் படி தீயணைப்பு வீரர். அடுத்தது முன்னணி தீயணைப்பு வீரர். அதற்கு மேல் நிலைய அலுவலர். ஒரு நிலையத்தின் ஆட்கள், வண்டிகள், கருவிகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு இவர்தான்.

நிலைய அலுவலருக்கு மேல் உதவி மாவட்ட அலுவலர், அவருக்கு மேல் மாவட்ட அலுவலர். பல மாவட்டங்கள் சேர்ந்தது ஒரு மண்டலம். மண்டல அளவிலும் சென்னை எழும்பூரில் உள்ள தலைமையகத்திலும் துணை இயக்குநர், இணை இயக்குநர் பதவிகள் இருக்கின்றன. எல்லோருக்கும் மேலே துறையின் இயக்குநர். தமிழ்நாட்டில் இந்தப் பொறுப்பில் மூத்த ஐ.பி.எஸ். அதிகாரி நியமிக்கப்படுகிறார்.

உள்ளே வர மூன்று வாசல்

எல்லோரும் முதல் படியில்தான் ஏறத் தொடங்க வேண்டுமா? இல்லை. மூன்று வாசல்கள் உண்டு.

முதல் வாசல், தீயணைப்பு வீரர் பணி. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் பணியிடங்களோடு சேர்த்து இதற்கும் பொதுத் தேர்வு நடத்துகிறது. 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். பொதுப் பிரிவுக்கு 18 முதல் 26 வயது வரை. மற்ற பிரிவுகளுக்கு வயதுத் தளர்வு உண்டு. எழுத்துத் தேர்வோடு தமிழ்த் தகுதித் தேர்வும் இருக்கிறது. அதன் பிறகு உடல் அளவும் உடல் திறனும் சோதிக்கப்படும். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏறுதலும் உண்டு. அடிப்படை ஊதியம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது.

இரண்டாம் வாசல், நிலைய அலுவலர் பணி. இதற்கும் அதே வாரியம்தான் தேர்வு நடத்துகிறது. 2023-இல் காவல் உதவி ஆய்வாளர் பணியோடு சேர்த்து அறிவிப்பு வந்தது. பட்டப்படிப்பு வேண்டும். பொதுப் பிரிவுக்கு 20 முதல் 30 வயது. அடிப்படை ஊதியம் 36,900 ரூபாயில் தொடங்குகிறது. முன்னணி தீயணைப்பு வீரர்களும் பதவி உயர்வில் இந்த இடத்துக்கு வருகிறார்கள். அதனால் ஊர் ஊராகப் போனால் இரண்டு வகை நிலைய அலுவலர்களையும் பார்க்கலாம். ஒருவர் பட்டம் முடித்து நேராக வந்தவர். இன்னொருவர் பல ஆண்டுகள் குழாய் பிடித்துவிட்டு வந்தவர்.

மூன்றாம் வாசல், மாவட்ட அலுவலர் பணி. குரூப் 1 என்றதும் நம் எல்லோருக்கும் துணை ஆட்சியரும் டி.எஸ்.பி.யும்தான் நினைவுக்கு வருவார்கள். அதே தேர்வில்தான் தீயணைப்பு மாவட்ட அலுவலர் பணியிடமும் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் இந்தத் தேர்வு மூன்று கட்டம். முதல்நிலைத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண். அடுத்து முதன்மைத் தேர்வு, அதன் பின் நேர்முகத் தேர்வு. இந்தப் பணிக்கு உடல் தகுதியையும் தனியாகப் பார்ப்பார்கள். அடிப்படை ஊதியம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் வாசல் வழியாக 20 வயதில் வருபவர் மேலே போக நீண்ட காலம் ஆகும். காலியிடம், பணிமூப்பு, துறைத் தேர்வு, பயிற்சி என்று எல்லாம் கூடிவர வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகு தபாலில் பட்டம் படித்து நிலைய அலுவலர் தேர்வையோ குரூப் 1 தேர்வையோ எழுதுவதற்கும் வழி இருக்கிறது. வயது வரம்பை மட்டும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த வாசலில் வந்தாலும் பயிற்சி உண்டு

குரூப் 1 எழுதி நேராக மாவட்ட அலுவலராக வருபவர் ஏணி ஏறத் தெரியாமல் கட்டளையிட முடியுமா? முடியாது. தாம்பரத்தில் துறையின் மாநிலப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. குழாய் விரிப்பது, ஏணி ஏறுவது, முடிச்சுப் போடுவது, புகைக்குள் போக மூச்சுக் கருவி மாட்டுவது, காயம்பட்டவரைத் தூக்கி வருவது என்று அடிப்படை எல்லாம் பயிற்சியில் வரும்.

அதிகாரிகளுக்கான உயர் பயிற்சி நாக்பூரில் உள்ள தேசிய தீயணைப்புப் பணிக் கல்லூரியில் நடக்கிறது. 1956-இல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் தொடங்கி, அடுத்த ஆண்டே நாக்பூருக்கு மாறிய கல்லூரி இது. நிலைய அலுவலர் முதல் கோட்ட அலுவலர் வரை ஒவ்வொரு நிலைக்கும் இங்கே தனித்தனிப் பயிற்சி உண்டு. தீப் பொறியியலில் பட்டப்படிப்பும் உண்டு. பிளஸ் 2-வில் அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். பொறியியல் என்றால் கம்ப்யூட்டர் மட்டும் இல்லை.

மேலே போகப் போக வேலை மாறும்

தீயணைப்பு வீரரின் கையில் குழாய். நிலைய அலுவலரின் கையில் ஒரு குழுவின் உயிர். மாவட்ட அலுவலரின் மேசையில் இன்னும் தீப்பிடிக்காத ஆயிரம் கட்டடங்கள். நம் ஊரில் நடந்த மூன்று சம்பவங்களைப் பார்த்தால் இது புரியும்.

2017 மே 31 அதிகாலையில் சென்னை தியாகராய நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக் கட்டடத்தில் தீப்பிடித்தது. தீ மறுநாளும் எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அந்த மாதிரி நேரத்தில் "உள்ளே போங்கள்" என்பதைவிட "வெளியே வாருங்கள்" என்று சொல்வதுதான் கடினம். சுவர் எவ்வளவு நேரம் தாங்கும், பக்கத்துக் கட்டடங்களில் இருப்பவர்களை எப்போது வெளியேற்றுவது, தண்ணீர் வண்டிகளை எந்தத் தெரு வழியாகக் கொண்டுவருவது என்று யோசிப்பதுதான் மூத்த அதிகாரியின் வேலை.

2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். அங்கே தீ இல்லை; இடிபாடுதான். துறையின் பெயரில் 'மீட்பு' என்ற சொல் ஏன் இருக்கிறது என்பதற்கு இதுவே பதில். தீயணைப்புத் துறை, காவல்துறை, ஆம்புலன்ஸ், தேசியப் பேரிடர் மீட்புப் படை என்று எல்லோரும் ஒரே இடத்தில் குவியும்போது, நம் ஆட்கள் எங்கே நிற்க வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்று ஒழுங்குபடுத்த ஒரு அதிகாரி வேண்டும். இதுபோன்ற பேரிடரில் மாவட்ட அளவிலான ஒருங்கிணைப்பு, 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும். தீயணைப்பு மாவட்ட அலுவலர் அவரோடு சேர்ந்து வேலை செய்கிறார்.

2004 ஜூலை 16 கும்பகோணம். பள்ளிக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் போனார்கள். தீ பற்றிய பிறகு வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் போதாது என்பதை அந்த நாள் காட்டியது. உங்கள் பிள்ளையின் பள்ளி தீயணைப்புத் துறையிடம் சான்று வாங்க வேண்டியிருப்பது இதற்காகத்தான். அதிகாரி வந்து படிக்கட்டின் அகலத்தைப் பார்க்கிறார், வெளியேறும் வழியைப் பார்க்கிறார், குறை இருந்தால் எழுதுகிறார். அந்த ஆய்வில் கண்டிப்பாக இருப்பவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் அன்றைக்கே ஒரு தீயை அணைத்துவிட்டுத்தான் போகிறார்.

அதிகாரியும் உள்ளே போவார்

பதவி உயர்ந்தால் ஏசி அறையில் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் உள்ள பழமையான கலச மஹாலில் தீப்பிடித்தது. அணைக்கும் பணியின்போது மேற்கூரை இடிந்து விழுந்து ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். பணியை முன்னின்று நடத்திய அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் தீக்காயம் அடைந்தார். அவருக்கு வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் வழங்கப்பட்டது.

பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் 2003-இல் குரூப் 1 தேர்வு வழியாக இந்தத் துறைக்கு வந்தவர்கள். தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்த முதல் பெண்கள் இவர்கள்தான். இருவரும் இணை இயக்குநர் நிலை வரை உயர்ந்தார்கள். பிரியா ரவிச்சந்திரன் அதற்குப் பிறகு ஐ.ஏ.எஸ். அதிகாரியும் ஆனார். "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று வீட்டில் யாராவது கேட்டால், இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

எல்லா ஊரிலும் ஒரே மாதிரியா?

இல்லை. தமிழ்நாட்டில் தீயணைப்பு மாநில அரசின் துறை. மும்பையில் அது மாநகராட்சியின் கீழ் இருக்கிறது. அங்கே தலைமைத் தீயணைப்பு அதிகாரி என்ற பதவிக்கு, அந்தப் பணியிலேயே படிப்படியாக வளர்ந்தவர்கள் வருகிறார்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படை இன்னொரு வழி. அதற்கென்று நேரடியாக ஆள் எடுப்பதில்லை. மத்திய ஆயுதப்படைகளில் இருப்பவர்கள் அயல்பணியில் அங்கே போகிறார்கள். அதன் 4-ஆம் பட்டாலியன் நம் அரக்கோணத்தில்தான் இருக்கிறது.

உங்கள் போனில் இப்போதே செய்யக்கூடியவை

வேலை தேடுபவர் என்றால், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம், டி.என்.பி.எஸ்.சி. இரண்டின் அதிகாரப்பூர்வ இணையதளங்களையும் போனில் சேமித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவிப்பை நம்பிப் பணம் கட்டாதீர்கள். டி.என்.பி.எஸ்.சி.யில் ஒருமுறைப் பதிவுக்குக் கட்டணம் 150 ரூபாய். அது 5 ஆண்டுக்குச் செல்லும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழை இப்போதே பள்ளியில் கேட்டு வாங்கி வையுங்கள். உயரம், வயது, எந்தப் பணியிடம் யாருக்கு என்பதை ஒவ்வொரு முறையும் அந்தந்த அறிவிக்கையில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சான்று தேவைப்படுபவர் என்றால், முதலில் உங்கள் பகுதி நிலைய அலுவலரையும் மாவட்ட அலுவலர் அலுவலகத்தையும் அணுகுங்கள். பல மாடிக் கட்டடம் என்றால் கோப்பு தலைமையகம் வரை போகும். இடைத்தரகர் தேவையே இல்லை.

நிலையத்தை நேரில் பார்க்க ஆசை என்றால், ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14-இல் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்தபோது தீயணைக்கப் போன 66 வீரர்கள் உயிரிழந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் இந்த வாரம். நிலையங்களில் செயல்விளக்கம் நடக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கேஸ் சிலிண்டரில் தீ பற்றினால் என்ன செய்வது என்று அவர்களே செய்து காட்டுவார்கள்.

அவசரம் என்றால் 101 அல்லது 112. அழைத்ததும் நான்கு விஷயத்தைச் சொல்லுங்கள்: எந்த இடம், பக்கத்தில் என்ன அடையாளம், எது எரிகிறது, உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா. அவர்கள் கேட்டு முடிக்கும் வரை போனை வைக்காதீர்கள். வண்டி கிளம்பும் முன்பே நிலைய அலுவலர் முடிவெடுக்கத் தொடங்கிவிடுவார். அவருக்குக் கிடைக்கும் முதல் தகவல் நீங்கள் சொல்வதுதான்.